ஃப்ராக்ஐ, மிட்ஜெட், ஸ்பிட்ஃபயர்: எந்தப் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்குவது?

பிரிட்டனில் வாழும் நம்மவர்கள் பலர், வீட்டுக் கடன் கொஞ்சம் இறங்கியதும், ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஜாகுவார் இ-டைப்பும் பெரிய ஆஸ்டின்-ஹீலியும் கைக்கு எட்டாது. பேச்சு சுற்றிச் சுற்றி மூன்று சின்னக் கார்களில் வந்து நிற்கும்: ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் முதல் மாடல், அதாவது எல்லோரும் ஃப்ராக்ஐ என்று சொல்வது, எம்.ஜி. மிட்ஜெட், ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். மூன்றும் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார்கள். மூன்றுக்கும் பந்தயப் பின்னணி உண்டு. விளம்பரப் படத்தில் மூன்றுமே ஆசையைக் கிளப்பும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு மூன்றும் உங்களிடம் கேட்பவை வேறு வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதுக் கார்களில் பெயரையும் எஞ்சினையும் பார்த்து வாங்கக் கூடாது. உடம்பைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே அதிலிருந்து கிளம்புவதுதான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் துரு. ஸ்ப்ரைட்டுக்கும் மிட்ஜெட்டுக்கும் தனிச் சேஸிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் சில், தரைத்தகடு, பின்பக்கப் பெட்டிப் பகுதி ஆகியவைதான் காரின் எலும்பு. கூரையில்லாத காரில் இந்தச் சில்தான் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. எஞ்சினைப் பிரித்துக் கட்டினால் என்ன செலவாகும் என்று ஒரு மெக்கானிக் முன்கூட்டியே சொல்ல முடியும். டிங்கரிங் வேலைக்கு அப்படி யாராலும் சொல்ல முடியாது. ஒரு தகட்டை வெட்டி எடுத்தால்தான் உள்ளே இன்னும் இரண்டு தகடு போயிருப்பது தெரியும்.

இரண்டாவது, ஸ்பானர் பிடிக்கப் போவது யார். நீங்களே செய்தால் கார் எவ்வளவு இடம் விடுகிறது என்பது பெரிய விஷயம். கராஜில் கொடுத்துச் செய்தால் அதே விஷயம் மணிக்கணக்கில் கூலியாக மாறும்.

மூன்றாவது, எந்தச் சாலை. காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் ஞாயிறு காலையில் கிராமச் சாலையில் சுற்றுவது வேறு, லண்டனிலிருந்து லெஸ்டருக்கு எம்1 பிடித்துப் போவது வேறு. நான்காவது, பந்தயம்: உண்மையிலேயே ஹெல்மெட் மாட்டி ஹில் கிளைம்புக்கு (மலைச்சாலையில் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஏறும் போட்டி) போகப்போகிறீர்களா, அல்லது அந்த வரலாறு காரில் இருந்தால் போதுமா? இரண்டும் நியாயமான ஆசைகள். ஆனால் இரண்டுக்கும் ஒரே கார் பொருந்தாது.

சில விஷயங்கள் மூன்றுக்கும் பொது என்பதால் முடிவை மாற்றாது. நாற்பது வயது தாண்டிய கார்களுக்கு பிரிட்டனில் வாகன வரி இல்லை. ஆனால் வரலாற்று வாகன வகைக்கு மாற்ற நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். அப்படி மாறிய காருக்கு லண்டனில் புகை அதிகம் விடும் கார்களுக்கு விதிக்கும் யூலெஸ் கட்டணமும் கிடையாது. பெரிய மாற்றங்கள் செய்யாத காராக இருந்தால் ஆண்டுதோறும் காரின் தகுதியைப் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயமில்லை. அப்படியிருந்தும் ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சோதனைக்குக் கொடுங்கள். இன்னொருவர் கண்ணால் காரின் அடிப்பாகத்தைப் பார்க்க அதைவிட மலிவான வழி இல்லை. பெட்ரோலும் அப்படித்தான்: 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பம்ப்பில் வருவது இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரிக்கும். ஆகவே விலை கூடிய இ5 போடுவதும், குழாய்களை மாற்றிவிடுவதும் மூன்று காருக்கும் பொதுவான செலவு. உதிரி பாகங்களுக்குக் கவலை வேண்டாம், மூன்றுக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன.

| | ஃப்ராக்ஐ ஸ்ப்ரைட் | எம்.ஜி. மிட்ஜெட் | ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் |
|---|---|---|---|
| ஆண்டுகள் | 1958–61 | 1961–79 | 1962–80 |
| தயாரான ஊர் | ஆபிங்டன் | ஆபிங்டன் | கேன்லி, கோவென்ட்ரி |
| எஞ்சின் | 948 சி.சி. | 948, 1098, 1275, 1493 சி.சி. | 1147, 1296, 1493 சி.சி. |
| குதிரைத்திறன் | 43 | 46 முதல் 66 வரை | 63 முதல் 75 வரை |
| சேஸிஸ் | தனியாக இல்லை | தனியாக இல்லை | தனியாக உண்டு |
| முன் பிரேக் | டிரம் | 1962 கடைசியிலிருந்து டிஸ்க் | டிஸ்க் |
| ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) | இல்லை | இல்லை | சில கார்களில் உண்டு |
| டிக்கி மூடி | இல்லை | உண்டு | உண்டு |
| விலை | மூன்றில் உச்சம் | நடுத்தரம் | பெரும்பாலும் குறைவு |

## ஃப்ராக்ஐ ஸ்ப்ரைட்

1958 மே மாதம், மொனாக்கோ கிராண்ட் பிரீயை ஒட்டி மான்டி கார்லோவில் இதை அறிமுகப்படுத்தினார்கள். வாரிக்கில் இருந்த டொனால்ட் ஹீலியின் சின்ன நிறுவனம் வடிவமைத்தது, ஆபிங்டன் எம்.ஜி. ஆலையில் தயாரானது. சம்பளக்காரர் ஒருவர் வாங்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும் என்பதுதான் நோக்கம். அதனால் புதிதாக எதையும் செய்யாமல், கையிலிருந்த குடும்பக் கார்களிலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் ஆஸ்டின் ஏ35-இல் இருந்து, ஸ்டியரிங் மோரிஸ் மைனரில் இருந்து. இலங்கையில் மோரிஸ் மைனரோடு வளர்ந்தவர்களுக்கு இந்த எஞ்சின் சத்தம் உடனே பிடிபடும். மைனர் 1000-இல் இருந்த அதே 948 சி.சி. ஏ-சீரிஸ்தான் இது, இரண்டு எஸ்.யு. கார்பரேட்டரோடு.

பானட் மேல் துருத்தி நிற்கும் அந்த விளக்குகள் முதலில் மடிந்து படுத்துக்கொள்வதாக இருந்தன. செலவு கூடும் என்று அதைக் கைவிட்டதில் பிறந்ததுதான் தவளை முகம். வெளியே கதவுக் கைப்பிடி இல்லை, கண்ணாடி இறக்கும் வசதி இல்லை, டிக்கிக்கு மூடி இல்லை. பெட்டியை இருக்கைக்குப் பின்னால் தலையை விட்டுத் தள்ள வேண்டும். ஸ்டெப்னி எடுக்கவும் அதே வழிதான்.

பந்தய வரலாறு என்று பார்த்தால் மூன்றில் இதுதான் செழிப்பானது. வந்த ஆண்டே ஆல்பைன் ராலியில் தன் வகுப்பை (எஞ்சின் அளவு பார்த்துப் பிரிக்கும் பிரிவு) வென்றது. 1959-இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் வகுப்பின் முதல் மூன்று இடங்களும் ஸ்ப்ரைட்டுக்கே. 1960-இல் லெ மான்ஸில் வகுப்பு வெற்றி. ஜான் ஸ்பிரின்ஸெல் அதே ஆண்டு லியேஜ்–ரோம்–லியேஜ் ராலியில் மொத்தத்தில் மூன்றாவதாக வந்தார். பெரிய எஞ்சின் கார்கள் உடைந்து விழுந்த அந்தச் சாலைகளில் ஒரு லிட்டருக்கும் குறைவான எஞ்சினை வைத்துக்கொண்டு அப்படி முடிப்பது அசாதாரணம். 1961 செப்ரிங்கில் ஸ்டர்லிங் மாஸும் புரூஸ் மக்லாரனும் ஸ்ப்ரைட் ஓட்டினார்கள்.

ஓட்டும் சுகம்? கிராமச் சாலையில் இதற்கு ஈடாக நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். 700 கிலோகூட இல்லாத எடை, இரண்டே கால் சுற்றில் முழுக்கத் திரும்பும் ஸ்டியரிங். 40 மைல் வேகத்திலேயே பந்தயம் ஓட்டுகிற உணர்வு வரும். நிற்கிற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை எட்ட 20 வினாடி ஆகும். மோட்டார்வேயில் 70-இல் போனால் எஞ்சின் 4,500 சுற்றில் கத்தும், பக்கத்தில் வருபவரோடு பேச முடியாது. நான்கு டிரம் பிரேக்கோடு, இன்றைய கார்கள் திடீரென நிற்கும் போக்குவரத்தில் நல்ல இடைவெளி விட்டே போக வேண்டும்.

மறைமுகச் செலவில் முதலாவது விலையேதான். நல்ல நிலையில் இருக்கும் ஃப்ராக்ஐ-க்கு, அதே நிலையிலுள்ள மிட்ஜெட்டைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ கொடுக்க வேண்டும். இரண்டாவது, முன்பக்கம் முழுவதும் ஒரே துண்டாகத் தூக்கும் அந்த பானட். துருப்பிடித்தால் சரிசெய்வது பெரிய வேலை. அதனால் பல கார்களில் ஃபைபர்கிளாஸ் பானட் மாட்டியிருப்பார்கள். எடை குறையும், ஓட்டுவதற்கு நல்லதுதான். ஆனால் இரும்பு பானட் இருக்கும் காரின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. மூன்றாவதுதான் ஆபத்தானது. பின்பக்கப் பட்டா ஸ்பிரிங்குகள் முழு நீளமானவை அல்ல. ஒரு முனை மட்டும் இருக்கைக்குப் பின்னால் உள்ள பெட்டிப் பகுதிக்குள் நுழைந்து நிற்கும். காரின் பின்பாரம் முழுவதும் அந்த இரண்டு இடத்தில்தான். அங்கே துரு என்றால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள்.

பல ஃப்ராக்ஐ-களில் 1275 எஞ்சினும் முன் டிஸ்க் பிரேக்கும் மாற்றியிருப்பார்கள். ஓட்டுவதற்காக வாங்குபவர் இதைக் குறையாக நினைக்க வேண்டாம், எனக்கு இது வரவேற்கத்தக்க மாற்றம். சேகரிப்புக்கோ, மாறாத நிலையைக் கேட்கும் வரலாற்றுப் பந்தயங்களுக்கோ வாங்குபவருக்கு இதே மாற்றம் பாதகம்.

## எம்.ஜி. மிட்ஜெட்

1961-இல் ஸ்ப்ரைட்டுக்குப் புது முகமும் டிக்கி மூடியும் வந்தன. அதே காரை எம்.ஜி. சின்னத்தோடும் விற்றார்கள், அதுதான் மிட்ஜெட். ஆகவே 1961-க்குப் பிந்திய ஸ்ப்ரைட்டைப் பார்த்தால் அதை மிட்ஜெட் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சின்னத்துக்காக யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

மிட்ஜெட் என்றால் எந்த மிட்ஜெட் என்பதுதான் கேள்வி. 1964-இல் இறக்கும் கண்ணாடியும் முழுநீளப் பின் பட்டாவும் வந்தன. 1966-இல் 65 குதிரைத்திறன் தரும் 1275 எஞ்சின் வந்தது. 1974 கடைசியில், அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, காரின் உயரத்தையும் கூட்டி, ட்ரையம்ஃபின் 1493 சி.சி. எஞ்சினைப் போட்டார்கள். உயரம் கூடியதால் வளைவில் கார் சாய்வது கூடிவிட்டது. ரப்பர் பம்பர் கார் மலிவாகக் கிடைக்கும், முதல் பழைய காராக வாங்கிப் பழகிக்கொள்ள மோசமில்லை. ஆனால் கொஞ்சம் பொறுத்து, 1966-க்கும் 1974-க்கும் இடைப்பட்ட குரோம் பம்பர் 1275 ஒன்றைத் தேடுங்கள் என்பேன். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் சரியான கார்.

காரணம் இதுதான். ஃப்ராக்ஐ-யின் ஓட்டும் சுகத்தில் முக்கால்வாசி இதிலும் இருக்கிறது. டிஸ்க் பிரேக் இருக்கிறது. மழை வந்தால் கண்ணாடியை ஏற்றலாம். 1275 எஞ்சின் மினியின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், அதைப் பற்றித் தெரியாத பழைய கார் மெக்கானிக் பிரிட்டனில் இல்லை. விட்னியில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் மிட்ஜெட்டுக்குப் புது உடற்கூடே செய்து விற்கிறது.

பந்தயத்தில் டிக் ஜேக்கப்ஸ் குழுவின் கூரை போட்ட மிட்ஜெட் கூப்பேக்கள் 1960-களின் தொடக்கத்தில் பெயர் வாங்கின. ஸ்ப்ரைட்டின் கதைகளோடு ஒப்பிட்டால் கொஞ்சம் குறைவுதான். இன்றைக்கு நீங்களே பந்தயத்தில் இறங்க வேண்டுமானால் நிலைமை தலைகீழ்: எம்.ஜி. கார் கிளப் மிட்ஜெட்டுக்கும் ஸ்ப்ரைட்டுக்கும் தனித் தொடரே நடத்துகிறது. அங்கே ஓட்டுபவர்களிடம் இந்தக் காரைப் பற்றிய அனுபவம் குவிந்து கிடக்கிறது, கேட்டால் சொல்வார்கள்.

குறைகள்? உயரமானவர்களுக்கு இடம் போதாது. ஆறடிக்கு மேல் இருந்தால் பணம் பேசுவதற்கு முன்பு உட்கார்ந்து பாருங்கள். கிளட்ச் மாற்ற எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். கிளட்ச் தகட்டின் விலை சொற்பம், கூலி அப்படியில்லை. ஆகவே "கிளட்ச் கொஞ்சம் பிடிக்குது, சின்ன வேலைதான்" என்று விற்பவர் சொன்னால் அதைச் சின்ன வேலையாகக் கணக்கில் எடுக்காதீர்கள். முன் சக்கரம் திரும்ப அச்சாக நிற்கும் கிங்பின்களுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறையாவது கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்ட கார்களில் அவை தேய்ந்துபோய் இருக்கும், இது ஃப்ராக்ஐ-க்கும் பொருந்தும். மோட்டார்வே இரைச்சலுக்கு ஒரு மருந்து உண்டு: ஃபோர்டின் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்திக்கொள்வது. முந்தைய உரிமையாளர் அதைச் செய்து வைத்திருந்தால் உங்களுக்கு லாபம்.

## ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்

இந்தக் காருக்குச் சென்னையோடு ஓர் உறவு இருக்கிறது. 1960-களில் சென்னையில் ஸ்டாண்டர்ட் நிறுவனம் தயாரித்த ஹெரால்டை நினைவிருக்கிறதா? அந்த ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கி, அதன் மேல் இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உடலை வைத்ததுதான் ஸ்பிட்ஃபயர். பானட்டும் முன் மட்கார்டுகளும் ஒன்றாக முன்னோக்கிக் கவிழ்வது அதே ஹெரால்ட் பாணி. முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே கார்பரேட்டரைச் சரிசெய்யலாம். கார் வேலை கற்றுக்கொள்ள விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளி இல்லை. கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே கழற்றி எடுக்கலாம், எஞ்சினைத் தூக்க வேண்டியதில்லை. திரும்பும் வட்டமும் ஏழரை மீட்டருக்குள்தான். குறுகிய தெருவில் ஒரே வீச்சில் திருப்பிவிடலாம்.

பந்தயத்தில் இதன் உச்சம் 1965 லெ மான்ஸ். இரண்டு ஸ்பிட்ஃபயர்கள் மொத்தத்தில் 13-ஆம், 14-ஆம் இடங்களில் முடித்து, வகுப்பின் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தன. ஆனால் அவை அலுமினிய உடலும் சாய்ந்த கூரையும் கொண்ட நிறுவனத் தயாரிப்புகள். கடையில் விற்ற காரோடு அவற்றுக்கிருந்த ஒற்றுமை குறைவு. ஸ்ப்ரைட்டின் வெற்றிக் கார்களுக்கும் ஓரளவு இது பொருந்தும்.

ஹெரால்டிலிருந்து வந்த சீதனத்தில் ஒரு கெட்டதும் உண்டு. பின்சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆக்ஸில். வளைவில் வேகமாகப் போய் திடீரென ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்சக்கரம் உள்நோக்கி மடிந்து, பின்பக்கம் வழுக்கும். 1970 கடைசியில் வந்த மார்க் 4-இலிருந்து ஸ்பிரிங் அமைப்பை மாற்றி இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள். அழகில் முதல் மூன்று மாடல்கள், நிம்மதியில் மார்க் 4-உம் 1500-உம். பழக்கமில்லாத ஓட்டுநருக்கு நான் பின்னதையே சொல்வேன்.

"தனிச் சேஸிஸ் இருக்கிறது, துரு வந்தால் என்ன" என்று ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். ஸ்பிட்ஃபயரின் சேஸிஸ் நடுவில் மட்டும் ஓடும் முதுகெலும்பு. ஹெரால்டுக்கு இருந்த பக்கச் சட்டங்கள் இதற்கு இல்லை, அந்தப் பாரத்தைச் சில்தான் தாங்குகிறது. சில் போனால் இதிலும் கார் தொய்ந்துவிடும். முன் சக்கரம் திரும்பும் கீழ் இணைப்பான ட்ரனியனுக்குக் கிரீஸ் போடக் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் போட்டே ஓட்டப்பட்ட கார்களில் அந்த இடம் உடைந்து சக்கரம் சாய்ந்துவிடும். 1500 எஞ்சினில் கிராங்க்ஷாஃப்ட்டை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்து கழன்றால் எஞ்சின் பிளாக்கே வீணாகும். ஓவர்டிரைவ் உள்ள காரும் இல்லாத காரும் பக்கத்தில் நின்றால், பெயின்ட் மங்கியிருந்தாலும் ஓவர்டிரைவ் உள்ளதை எடுங்கள். நீண்ட தூரம் போகக்கூடிய ஒரே கார் இந்த மூன்றில் அதுதான்.

## யாருக்கு எது

ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும், வெளியே எடுக்கும்போதெல்லாம் தெருவே சிரிக்க வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் ஃப்ராக்ஐ. ஆனால் ஏற்கெனவே யாரோ செலவழித்து முடித்த காராக, வெல்டிங் செய்தபோது எடுத்த படங்களோடு வாங்குங்கள். பாதியில் நிற்கும் ஃப்ராக்ஐ-யை வாங்கி முடித்துவிடலாம் என்று இறங்க வேண்டாம்.

பிரெஸ்காட், ஷெல்ஸ்லி வால்ஷ் மாதிரி ஹில் கிளைம்ப்களில் சொந்தமாக ஓட்ட ஆசையிருந்தால் மிட்ஜெட். தட்டினாலும் நெஞ்சு வெடிக்காத விலை, சுலபமாகக் கூட்டக்கூடிய எஞ்சின் சக்தி. ஒரே ஒரு காரில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும் என்பவருக்கும் இதே பதில்.

வீட்டில் கராஜ் இருக்கிறது, பிள்ளையோடு சேர்ந்து கையில் எண்ணெய் படிய வேலை கற்க வேண்டும், விடுமுறைக்கு வேல்ஸ் வரை ஓட்டிப் போக வேண்டும், அல்லது உங்கள் கால்கள் நீளம் என்றால் ஸ்பிட்ஃபயர். கராஜ் இல்லாமல் தெருவில்தான் நிறுத்த வேண்டும் என்றால் மூன்றையும் இப்போது தள்ளிப்போடுங்கள். ஆங்கிலேய மழையும் குளிர்கால உப்புச் சாலையும் துணிக்கூரைக் காரை இரண்டே குளிர்காலத்தில் தின்றுவிடும். வாடகைக்கு ஓர் உலர்ந்த இடம் பிடிக்க முடியுமானால் அந்த வாடகையைக் காரின் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

## பார்க்கப் போகும்போது

மழை இல்லாத பகலில் போங்கள். ஒரு காந்தம், டார்ச், பழைய பாய் எடுத்துக்கொள்ளுங்கள். கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் இடையிலுள்ள சந்து மேலும் கீழும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே குறுகிக் கீழே அகன்றால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. சில் மேல் காந்தத்தை ஓட்டுங்கள், பட்டி பார்த்து பெயின்ட் அடித்த இடத்தில் அது ஒட்டாது. பழைய சில்லை வெட்டாமல் அதன் மேலேயே புதுத் தகடு ஒட்டியிருக்கிறார்களா என்று கீழே படுத்துப் பாருங்கள். விற்பவர் சம்மதித்தால் ஜாக்கி வைத்து ஒரு பக்கத்தைத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள், இறுக்கினால் வேண்டாம்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்பிட்ஃபயர் 1500 என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் கிளட்சை மிதிக்க, நீங்கள் எஞ்சின் முன்னால் உள்ள கிராங்க் புல்லியைக் கவனியுங்கள். மிதிக்கும்போது அது முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரிய நகர்ந்தால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. கடைசியாக, பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணைக் காரில் உள்ள தகட்டோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பணப் பேச்சைத் தொடங்குங்கள்.